பச்சை எரியும் காப்பு

செபஸ்தியானின் கைநடுக்கத்தை அடக்க ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட மின்காப்பு, தினமும் காலையில் மனசையும் விசாரிக்கும். மூட்டை தூக்கிய காலத்துப் பழக்கத்தில் அவரும் "பரவாயில்ல" என்பார். காப்பில் பச்சை விளக்கு எரியும்.

பத்தாம் நாள், "நீங்கள் நலம். மனநல மருத்துவர் சந்திப்பு ரத்து" என்றது.

"நாசமாப் போற காப்பு!"

"பத்து நாளும் நீங்கதான சொன்னீங்க?" என்றாள் மனைவி ரெஜினா.

"பின்ன? எந்திரிக்கவே பிடிக்கல, எதுக்குத்தான் விடியுதோன்னு இருக்குன்னு இந்த இரும்புகிட்டயா சொல்லுவாங்க?"

காப்பில் சிவப்பு எரிந்தது. "சந்திப்பைத் திரும்பப் பதியட்டுமா?"

ரெஜினா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். "எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

அவருக்குப் பொறுக்கவில்லை.

"அழாத புள்ள. பரவாயில்ல."

பச்சை எரிந்தது.