வளைவில் நின்ற பதினோரு பேர்

காலை ஒன்பதே முக்கால். திரையில் பதினோரு பேர். அவர்களை அழிக்காமல் விட்டவள் பெயர் புதுசு.

வயது நாற்பத்து மூன்று. பிள்ளைகள் தலையெடுத்த பிறகு வேலைக்கு வந்தவள். சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது என்பதால் அலுவலகத்தில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அவள் வேலை, அழிப்பது. கூரையில் லேசர் ஸ்கேனர் சுழலும் வேன் ஒன்று சாலை நெடுக ஓடி, எதிர்ப்பட்டதையெல்லாம் கோடிக்கணக்கான புள்ளிகளாக அள்ளிக்கொண்டு வரும். புதுச் சாலைக்கு வரைபடம் போடுகிறவர்களுக்குத் தரை வேண்டும், மரம் வேண்டும், கம்பம் வேண்டும். மனிதர்கள் வேண்டாம். நடக்கிறவர், நாய், சைக்கிள் எல்லாம் தொழில் பாஷையில் 'இரைச்சல்'.

"ரோட்ல போறவங்களை அழிக்கிறதுக்குச் சம்பளமா? லாரிக்காரங்க இலவசமா செய்றாங்களே" என்பார் அவள் கணவர்.

புதுசு அழித்ததைச் சரிபார்ப்பவளுக்கு வயது இருபத்தேழு. பட்டப்பெயர் அழிரப்பர். புதுசுவை வேலையில் வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று அன்று ரிப்போர்ட் எழுத வேண்டியவளும் அவள்தான்.

"அக்கா, இங்க வாங்க."

எல்லோருக்கும் கேட்கும்படிதான் கூப்பிட்டாள். புதுசு போய் நின்றாள்.

"இது என்ன?"

"ஆளுங்க மேடம்."

"அது எனக்கும் தெரியுது. ஏன் இருக்காங்க?"

"பஸ்ஸுக்கு நிக்கிறாங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"ஃபைல்ல ஏன் இருக்காங்கன்னு கேட்டேன்."

புதுசு திரையில் வளைவைத் தொட்டுக் காட்டினாள். "அந்த வளைவுல ஸ்டாப் கிடையாது மேடம். கை காட்டுவாங்க, டிரைவருக்கு மனசு இருந்தா நிறுத்துவார். ஸ்கேன் எடுத்த மூணு நாளும் நான் வேன்ல கூடப் போனேன். முதல் நாள் நம்மளையே பஸ்ஸுன்னு நினைச்சுக் கை காட்டினாங்க. மூணாவது நாள் பழகிட்டாங்க, டாட்டா காட்டினாங்க."

திரையில் ஓர் உருவத்தின் கை உயர்ந்துதான் இருந்தது.

"சரி, அதுக்கு?"

"புது ரோட்ல அங்க தடுப்புச் சுவர் வருதாம். ஆளே இல்லாத இடம்னு நாம காட்டினா, சுவரைக் கட்டிட்டுப் போயிடுவாங்க. இவங்க எங்க போய் நிப்பாங்க?"

"உங்க சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா இதுல?"

"இல்ல மேடம். பேர்கூடத் தெரியாது."

அழிரப்பர் நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பினாள்.

"அழிக்காம விட்டா ஆச்சா? இன்னும் இரைச்சல் கணக்குலதான் கிடக்காங்க. வரைபடம் போடுற ஆஃபீஸ்ல ஃபைலைத் திறந்ததுமே அவங்க கம்ப்யூட்டர் கூட்டித் தள்ளிடும். தப்பையும் அரைகுறையாத்தான் செய்வீங்களா? போங்க. மிச்சத்தை நானே முடிச்சுக்கறேன்."

இடத்துக்குத் திரும்பிய புதுசு ஓரக்கண்ணால் பார்த்தாள். பதினோரு பேரையும் சுற்றி ஒரு சிவப்புக் கட்டம் விழுந்தது. அதற்கு மேல் அவள் பார்க்கவில்லை.

"அழிரப்பர் கையில சிக்கினா யானைகூட மிச்சமாகாது. விடுங்கம்மா" என்றார் வேன் டிரைவர், டீ குடிக்கும்போது.

மாலையில் ரிப்போர்ட் வந்தது. வேலை நிரந்தரம். 'கை மெதுவு. கண் நல்ல கண்' என்று ஒரு வரி. கணவர் கேக் வாங்கி வந்தார். பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு துண்டு தின்றார்கள். புதுசுவுக்கு ஒரு துண்டுகூட இறங்கவில்லை.

நாலு நாள் கழித்து, அழிரப்பர் மேசையில் போன் அடித்தது. வரைபடம் போடுகிற அலுவலகம்.

"சொல்லுங்க சார்... ஆமா, வளைவுல பதினோரு பொருள்... இல்ல சார், கம்பம் இல்ல."

புதுசுவின் கை அப்படியே நின்றது.

"மூணு நாள் ஓடினோம். மூணு நாளும் அதே இடத்துல இருந்துச்சு. ஒரு ஓட்டத்துல இருந்துட்டு இன்னொண்ணுல இல்லைன்னாதானே இரைச்சல்? எல்லா ஓட்டத்துலயும் இருந்தா நிலையான பொருள்னு போடணும். விதி உங்களுது சார், நாங்க எழுதல... ஆமா, ஆளுங்கதான்... சரிதான் சார், நகர்த்தணும்னா நீங்களே வந்து நகர்த்துங்க. காலைல அஞ்சரைக்கு வாங்க, எல்லாரும் இருப்பாங்க."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். புதுசு இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா பார்வை? பாலத்துக்கிட்ட ரெண்டு நாயை விட்டிருக்கீங்க. அழிங்க."

"சரிங்க மேடம்."

அடுத்த ஆண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி, கட்டி முடித்த புதுச் சாலையில் அதே வேன் மறுபடி ஓடியது. வளைவில் தடுப்புச் சுவர் ஓரிடத்தில் விலகி வழிவிட்டிருந்தது. அங்கே ஒரு நிழற்குடை. அதற்குள் பதினாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

நிழற்குடையை மட்டும் விட்டுவிட்டு, புதுசு ஒருவர் விடாமல் அழித்தாள்.