அறுபத்திரண்டாம் ஆணி

அறுபத்தோராம் ஆணி இன்றைக்கும் காலியாகத்தான் இருந்தது.

ஜெயகரன் ஒரு கண்ணைச் சுரங்கத்தின் ஷாஃப்ட் வாய் மேலும் மறு கண்ணைப் பலகை மேலும் வைத்துக்கொண்டு காத்திருந்தான். சுரங்கத்தில் இறங்குகிறவன் தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு போவான், மேலே வந்ததும் திரும்ப மாட்டுவான். வெறும் ஆணி என்றால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அந்தப் பலகைக்குக் காவல்தான் ரைட்டர் ஜெயகரனின் உத்தியோகம்.

பகல் ஷிஃப்ட் இரண்டு மணிக்கே முடிந்துவிட்டது. அறுபத்தோராம் நம்பர் தாமோதரனின் வில்லை மட்டும் வரவில்லை. பத்து நாளாக இதே கூத்து. எல்லோரும் ஏறி ஒரு மணி நேரம் கழித்துத் தனியாக வருகிறான். முகமெல்லாம் மண், விரல் நுனியெல்லாம் ரத்தம். யார் கண்ணையும் பார்ப்பதில்லை.

தங்கக் கல் கடத்துகிறான். வேறென்ன?

திருடனைப் பிடித்துக் கொடுப்பவனுக்கு ஹெட் ரைட்டர் பதவியும் ஓட்டு வீடும் என்று சுரங்கத்துக் கேப்டன் துரை போன வாரம்தான் சொல்லியிருந்தார். தகரக் கொட்டகையில் ஏழு பேரோடு வேகிற ஜெயகரனுக்கு அந்த ஓட்டு வீடு கனவிலெல்லாம் வந்தது.

துரைக்கும் அவன்மேல் தனி மதிப்பு. பதினோரு வருஷத்தில் ஒரு பிசகு இல்லை. கொஞ்ச நாளைக்கு முன்னால் கீழே பாறை சரிந்து தரையே ஆடியபோது, எல்லோரும் மேலே வந்தாயிற்றா என்று துரை பதறிக்கொண்டு ஓடிவந்தார். ஜெயகரன் அசையாமல் நிறைந்த பலகையைக் காட்டினான். சரிந்த பக்கத்தைக் கட்டை அடித்து மூடிவிட்டார்கள்.

"கும்பல்ல மூஞ்சிய பாத்துனு இருந்தா குழப்பம்தான் வரும். நான் ஆணியத்தான் பாப்பேன்" என்று மற்ற ரைட்டர்களிடம் பெருமையாகச் சொல்வான்.

தாமோதரனின் ஆணிக்குப் பக்கத்தில், அறுபத்திரண்டாம் ஆணியில் ராஜப்பாவின் வில்லை தூசு படிந்து தொங்கியது. பன்னிரண்டு நாளாக அவன் வேலைக்கும் வரவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. எவளோடோ பெங்களூருக்கு ஓடிவிட்டான் என்று குடியிருப்பு லைன் முழுக்கச் சிரித்தார்கள். புருஷன் வேலையில் இல்லாததால் ஞாயிற்றுக்கிழமைக்குள் கம்பெனி வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் அவன் பெண்டாட்டி பாப்பம்மாவை. இன்று காலையும் அவள் ரைட்டர் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றாள்.

"ஓடிப்போறவன் நல்ல சட்டைய கொடியில வுட்டுட்டு சோத்துத் தூக்குவாளிய மட்டும் எடுத்துனு போவானா, ரைட்டரய்யா?"

ஜெயகரன் வழக்கம்போல வில்லையைக் காட்டினான். "மேல வந்துட்டான்மா. பலகை பொய் சொல்லாது. ஆண்டர்சன்பேட்டை பக்கம் போய் விசாரி."

ஆளையும் கல்லையும் மேலே ஏற்றும் கேஜின் மணி அடித்தது. கல் ஏற்றிய தொட்டிகளோடு தாமோதரன் வந்து இறங்கினான். இடுப்பில் முண்டாசுத் துணியால் சுற்றிய மூட்டை. பத்து நாளில் இன்றுதான் மூட்டையோடு வருகிறான்.

துரைக்கு ஆள் அனுப்பிவிட்டு, அவனை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினான் ஜெயகரன். ஓட்டு வீடு கைக்கெட்டும் தூரத்தில் நின்றது.

"மூட்டையில இன்னாடா?"

பிடுங்கிப் பிரித்தான்.

தங்கம் இல்லை. அப்பளமாக நசுங்கிய பித்தளைத் தூக்கு ஒன்று. மூடியில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தைப் படித்தபோது அவனுக்கு வேறு சந்தேகம் வந்தது. 'பாப்பம்மா' என்றிருந்தது. அடுத்தவன் பெண்டாட்டியின் சீர்ப் பாத்திரம் இவன் கையில் எப்படி? அப்படியானால் இவனுக்கும் அவளுக்கும்...

"ராஜப்பாவ இன்னாடா பண்ண?"

தாமோதரன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். ஒன்றும் பண்ணவில்லை என்று தலையாட்டினான். பிறகு விட்டு விட்டுச் சொன்னான். பாறை சரிந்த அன்றைக்குக் கேஜில் ஏறப் போகும்போது, வேலை செய்த இடத்திலேயே விட்டுவிட்ட தூக்கு ராஜப்பாவுக்கு ஞாபகம் வந்ததாம். அடுத்த கேஜில் வருகிறேன் என்று திரும்பி ஓடினானாம். ஓடும்போது தன் வில்லையையும் மாட்டிவிடச் சொல்லி இவன் கையில் திணித்தானாம்.

"ரெண்டையும் மாட்னது நான்தான், ரைட்டரய்யா. மாட்டி கைய எடுக்கல, தரை ஆடிச்சி."

ஜெயகரனுக்கு அந்த நிமிஷம் திரும்ப வந்தது. ஜன்னல் முன்னால் இடித்துக்கொண்டு நின்ற கும்பல். ஒரே கை. கிணுங், கிணுங் என்று இரண்டு சத்தம். பார்த்தான். ஆணி நிறைந்ததா என்று மட்டும் பார்த்தான்.

"அடுத்தவன் வில்லைய மாட்னா ஜெயிலுன்னு பயந்துட்டேன். ரெண்டு நாள் சோறு எறங்கல. அப்புறமாத்தான் கட்டைய பேத்துனு உள்ள போயி கையால தோண்டுறேன். இன்னிக்கு தூக்கு வந்துச்சி." தாமோதரன் குரலைத் தாழ்த்தினான். "என்னை திருடன்னே புடிச்சிக் குடுத்துடுங்க. நெசத்த சொன்னா உங்க வேலையும்ல போயிடும்."

வெளியே சரளைக் கல்லில் பூட்ஸ் சத்தம் நெருங்கியது. ஜெயகரன் நசுங்கிய மூடியை இன்னொரு தரம் படித்தான்.

கதவு திறந்தது. தரையில் உட்கார்ந்திருந்த தாமோதரனையும் மூட்டைத் துணியையும் பார்த்ததும் துரையின் முகம் மலர்ந்தது. திருடன் அகப்பட்டானா என்று தன் உடைந்த தமிழில் கேட்டார்.

ஜெயகரன் பலகைக்குப் போனான். அறுபத்திரண்டாம் ஆணியிலிருந்த வில்லையைக் கழற்றினான்.

"ஒருத்தன் இன்னும் மேல வரல, தொரை."