காலைப் பெரட்டு

"சத்தம் போடாத குமுதா. பெண் சுதந்திரத்தப் பத்திப் பேசுறாரு."

நாகமணி கையை உயர்த்தி மனைவியை அடக்கிவிட்டுக் கைப்பேசியின் ஒலியைக் கூட்டினார். குமுதா சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு தோசையைத் திருப்பிப் போட்டாள்.

ஜெராம் வட்டாரத்தில் காலை ஏழு மணிக்கு முக்கால்வாசி வீடுகளில் இதே கதைதான். கிள்ளானில் இருக்கும் ஒரு சின்ன இணைய வானொலியில் சிவநாதன் என்பவர் அரை மணி நேரம் ஊரைத் திட்டுவார். நிகழ்ச்சியின் பெயர் 'காலைப் பெரட்டு'. அந்தக் கால ரப்பர் தோட்டங்களில் விடிவதற்குள் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, கையோடு மண்டோர் என்ற மேற்பார்வையாளர் நாலு ஏச்சும் கொடுப்பாரே, அதுதான் பெரட்டு. சிவநாதனும் அப்படித்தான். சாதி பார்ப்பவன், கோயில் நாற்காலிக்கு அடித்துக்கொள்பவன், பெண்டாட்டியைப் பேசவிடாதவன் என்று ஒருவரையும் விடமாட்டார். "சொந்தமா யோசிங்கடா, மரத்துல காஞ்ச ஒட்டுப்பால் மூளைக்காரனுங்களா" என்று அவர் அதட்டினால், கேட்கிறவர்கள் எல்லாரும் சரி சரி என்று ஒன்றாகத் தலையாட்டுவார்கள். திட்டு வாங்குவதில் ஒரு சுகம் இருக்கிறது. அது பக்கத்து வீட்டுக்காரனுக்கு என்று நினைத்துக்கொண்டால் இன்னும் சுகம்.

"பரம்பரையா தோட்டத்து ஆபீசுல கணக்கு எழுதுன கிராணி வீட்டுப் பிள்ளையாம். ரப்பர் மரத்தக்கூட கிட்டப் போய்ப் பாத்திருக்க மாட்டாரு. ஏசினா மட்டும் அப்படியே நம்ம தொழிலாளி லயத்துப் பேச்சு லா" என்று நாகமணி மூன்று வருடமாக வியந்துகொண்டிருக்கிறார்.

நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் குமுதாவால் விஷயத்தைச் சொல்ல முடிந்தது. கிள்ளானில் ஓர் அலுவலகத்துக்கு வீட்டிலிருந்தே தமிழில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இனிமேல் நேரில் வந்தால்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். இன்று புதன்.

நாகமணி ஒரேயடியாக முடியாது என்றார். பஸ்ஸில் ஒரு மணி நேரம் போய் வருவதா, வீட்டைப் பார்ப்பது யார், கோயில் செயலாளர் மனைவி கிள்ளானுக்கு வேலைக்குப் போகிறாள் என்றால் கமிட்டியில் என்ன பேசுவார்கள் என்று அடுக்கினார். என்ன அலுவலகம், என்ன எழுத்து என்று அன்றைக்கும் கேட்கவில்லை, முன்பும் கேட்டதில்லை.

"அப்ப இவ்வளவு நேரம் எதைத்தான் கேட்டீங்க?"

"அது ஊருக்குச் சொல்றது லா."

கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் தனக்கென்று குமுதாவிடம் இருந்தது அந்த வேலை ஒன்றுதான். சண்டை போட்டுப் பயனில்லை என்று தெரியும். தோசைக்கல்லை இறக்கி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"சரி, அவரையே கேளுங்க. அவரு வேணாம்னு சொன்னா நான் விட்டுடுறேன்."

நாகமணிக்கு யோசனை பிடித்துப்போயிற்று. மூன்று வருடமாக ஒரு நாள் தவறாமல் கேட்கிறவனைச் சிவநாதன் விட்டுக்கொடுக்க மாட்டார் என்று அவருக்கு உறுதி. அப்போதே தம் பெயர், ஊர், கோயில் பதவி எல்லாம் சொல்லி, குடும்பப் பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்புவது நியாயமா என்று ஒரு குரல் பதிவை நிகழ்ச்சிக்கு அனுப்பினார்.

மறுநாள் காலை, ஏழு ஐந்துக்கு அடித்தது இடி.

"ஜெராம் நாகமணி, எந்திரிச்சு நில்லுடா!"

நாகமணி தேநீர்க் குவளையோடு எழுந்து நின்றார்.

"பெண் சுதந்திரம்னு நான் பேசுனா வாயப் பொளந்து கேப்ப. உன் பொண்டாட்டி வாயத் தொறந்தா மட்டும் சத்தம் போடாதன்னு கையத் தூக்குவ. அவ கிள்ளானுக்குப் போனா உனக்கு என்னடா கொறையும்? தட்டுல ரெண்டு தோசை கொறையும். நீயே சுட்டுத் தின்னுடா!"

குமுதா அவர் முகத்தைப் பார்க்கவே பயந்தாள். பிறகு பார்த்தாள். அவருடைய கண் கலங்கியிருந்தது.

"என் பேரச் சொல்லித் திட்டிட்டாரு குமுதா" என்றார் நாகமணி. "கூடவே இருந்து பாத்த மாதிரி சொல்றாரு பாரு. தெய்வம்!"

அதற்குள் சாப்பாட்டுக் கடை இராமையா கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னார். கமிட்டித் தலைவரும் கூப்பிட்டார். அவருடைய குரலில் பொறாமை நன்றாகவே தெரிந்தது. இத்தனை வருடம் தலைவராக இருந்தும் சிவநாதன் வாயால் அவருக்கு ஒரு 'டா' கிடைத்ததில்லை. நாகமணி சட்டையை மாட்டிக்கொண்டு, கடையில் ஆட்கள் காத்திருப்பார்கள் என்று கிளம்பினார்.

"திங்கக்கிழமையே போய்ச் சேந்துக்க. அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனையைத் தாண்டும்வரை குமுதா வாசலிலேயே நின்றாள். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவளுடைய கைப்பேசி மணி அடித்தது. மறுமுனையில் மிகவும் தணிந்த, தயங்கித் தயங்கிப் பேசும் ஓர் ஆண் குரல்.

"அக்கா, சிவநாதன் கதைக்கிறன். கோவிக்காதேங்கோ, நீங்கள் நேற்று எழுதித் தந்ததில கடைசி ரெண்டு வரியை நான் வாசிக்கேல்லை, அவ்வளவு ஏச எனக்குப் பயமாக் கிடந்தது."

"பரவால்ல தம்பி" என்றாள் குமுதா. "திங்கக்கிழமையிலேருந்து பக்கத்துலயே உக்காந்து எழுதித் தர்றேன், பயப்படாம வாசிங்க."