அடுப்பில்லாத கடை

கதவுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த இடுக்கில் வேடியப்பனுக்கு முதலில் தெரிந்தது ஒரு அரிவாளின் நுனி. பிறகுதான் கால்கள் தெரிந்தன. செருப்பில்லாத, சேறு காய்ந்து வெளுத்த கால்கள். இருபதுக்குக் குறையாது.

"உள்ள ஆள் கீறாங்க. யோவ், கதவத் தெற."

எண்பத்தேழு செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்துகொண்டிருந்தது. சங்கராபுரம் சாலையிலும் ரிஷிவந்தியம் சாலையிலும் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். எந்நேரமும் ஜனம் முட்டி மோதும் கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் மூன்று நாளாக ஈ காக்கை இல்லை.

எந்தக் கடையிலும் அடுப்பு எரியக் கூடாது என்பது கட்டளை. முந்தாநாள் அதை மீறி இட்லி ஊற்றினான் பக்கத்துக் கடைக்காரன். ஒரு கூட்டம் வந்து அவன் அடுப்பில் குடம் குடமாகத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பெஞ்சுகளையும் ஒடித்துப் போட்டுவிட்டுப் போனது. ஜன்னல் சந்து வழியாக வேடியப்பன் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

அவனுடையது இயற்கை உணவகம். குடல்புண்ணில் செத்துப் பிழைத்தவன், தன்னைப் பிழைக்க வைத்த சாப்பாட்டை ஊருக்கும் போடுகிறேன் என்று நிலத்தை விற்று இந்தக் கடையை வைத்தான். கல்வராயன் மலைத் தேன், தினைமாவு, ஊறவைத்த அவல், முளைவிட்ட பயறு, இவைதான் அங்கே சாப்பாடு. ஊர் அதற்கு ஆட்டுத்தீனிக் கடை என்று பெயர் வைத்துச் சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும், உடைத்துப் போட்டால் பெண்டாட்டி பிள்ளையோடு அவன் கூலிக்குத்தான் போக வேண்டும்.

இந்த நேரத்தில் கடைக்குள் ஆள் வேறு உட்கார்ந்திருந்தார். மாடி லாட்ஜில் தங்கியிருந்த ராஜாங்கம் வாத்தியார். சர்க்கரை வியாதிக்காரர், வேளைக்குச் சாப்பிடாவிட்டால் மயங்கி விழுந்துவிடுவார் என்று பின்பக்கமாகக் கூட்டிவந்து இலை போட்டிருந்தான்.

"சார், எலைய எடுத்துக்கினு உள்ள போயிடுங்க."

"இருப்பா, வாயில கீறத முழுங்க வேணாமா" என்றார் வாத்தியார்.

"தெறக்கிறியா, ஒடைக்கவா?"

திறந்தான். பதினோரு பேர் உள்ளே வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் அரிவாளோ கோடரியோ இருந்தது. அத்தனை பேரும் வயிற்றைச் சுற்றி ஈரத்துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகை போட்டால் முகத்தை மூடிக்கொள்ள ஈரத்துண்டு வேண்டும் என்று வேடியப்பன் கேள்விப்பட்டிருந்தான். அப்படியானால் அடிதடிக்குத் துணிந்துதான் வந்திருக்கிறார்கள்.

முன்னால் நின்றவனை அடையாளம் தெரிந்தது. பிச்சைமுத்து. பக்கத்துக் கடை அடுப்பில் முதல் குடத்தைக் கவிழ்த்தவன் இவன்தான்.

அவன் நேராக வாத்தியாரிடம் போனான். இலையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"இன்னா துன்றீங்க?"

"பயறு" என்றார் வாத்தியார். பாடம் ஒப்பிக்கத் தெரியாத பையனின் குரலில் சொன்னார்.

"அடுப்பு எங்க?" என்று வேடியப்பன் பக்கம் திரும்பினான் பிச்சைமுத்து.

"அடுப்பே இல்லீங்க. இங்க எதையும் வேக வெக்கிறதில்ல."

"கேஸு?"

"இல்லீங்க."

"மண்ணெண்ண ஸ்டவ்வு?"

"சத்தியமா இல்லீங்க. நீங்களே பாத்துக்குங்க."

பிச்சைமுத்து சமையலறைக்குள் போனான். சிமெண்டு மேடையைத் தொட்டுப் பார்த்தான், மோந்து பார்த்தான், கரி படிந்திருக்கிறதா என்று கூரையையும் அண்ணாந்து பார்த்தான். மூலையில் இரண்டு கூடை நிறையப் பயறு இருந்தது. சாப்பிட ஆள் வராமல் மூன்று நாளாக வால் நீண்டுகொண்டே போன பயறு. அதன்மேல் மூடியிருந்த துணியை விலக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மூடினான்.

திரும்பி வந்து வாசலில் நின்று தெருவின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தான்.

"கதவச் சாத்து. தாப்பாளப் போடு."

கூட்டத்தில் ஒருவன் தாழ்ப்பாளைப் போட்டான். சாட்சி இல்லாமல் வெட்டத்தான் கதவைச் சாத்துகிறார்கள் என்று வேடியப்பன் முடிவே கட்டிவிட்டான். பெண்டாட்டி முகம் கண்ணுக்குள் வந்தது. கை தானாகக் கூப்பிக்கொண்டது.

"என்னை இன்னா வேணா செய்ங்க. சார் வயசானவரு, அவர வுட்டுடுங்க."

பிச்சைமுத்து அரிவாளைச் சுவரோரம் சாய்த்து வைத்தான். மற்றவர்களும் ஒவ்வொருவராக வைத்தார்கள். அவன் பெஞ்சில் உட்கார்ந்து, வயிற்றிலிருந்த ஈரத்துண்டை மெதுவாக அவிழ்த்தான்.

"அடுப்பு இல்லாத கடைன்னாங்க. நெசந்தானான்னு பாத்தேன்."

பிச்சைமுத்து தலையைத் தூக்காமல், தரையைப் பார்த்தபடி பேசினான். கதவை உடைக்கவா என்று கேட்ட குரல் எங்கே போனதோ தெரியவில்லை.

"ஊர்ல கீற அடுப்பெல்லாம் நாங்களே அணைச்சிட்டோம்ங்க. வெளிய சொல்லிடாதீங்க, பதினோரு எல போடுங்க."