தேயிலைக்குள் கிடக்கும் கார்

என் தம்பி மகன் நிரஞ்சன் கந்தப்பளையில் கராஜ் வைத்திருக்கிறான். கம்ப்யூட்டரில் கார் ரேஸ் விளையாடிப் பழகியவன், இந்த ஏப்ரலில் நிஜமான மலையேற்றக் கார்ப் போட்டிக்கே பெயர் கொடுத்துவிட்டான்.

"ரெண்டும் ஒன்னுதான் பெரியப்பா. அதே வளைவு, அதே வழுக்கல்."

"அதுல பள்ளத்துல விழுந்தா மறுபடி மொதல்லேர்ந்து ஓட்டலாம்டா. இங்க விழுந்தா பொட்டியிலதான் கொண்டாருவாங்க."

போட்டியன்று மூன்றாவது வளைவில் அவனுடைய கார் தேயிலைக்குள் உருண்டதை நானும் அவன் அம்மா நாகலெட்சுமியும் பார்த்தோம். அவள் அலறி முடிப்பதற்குள், புறப்படும் கோட்டில் அதே கார் நின்றது. ஒரு கீறல் இல்லை. உள்ளே நிரஞ்சன் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டிருந்தான். இந்தமுறை ஒழுங்காக ஓட்டி ஐந்தாவதாக வந்தான்.

"பாத்தீங்களா பெரியப்பா?" என்று சிரித்தான்.

நாங்கள் எதுவும் விசாரிக்கவில்லை. திரும்பக் கிடைத்த பிள்ளையிடம் என்ன விளக்கம் கேட்பது?

உருண்ட கார் இன்னும் அங்கேயே கிடக்கிறது. கொழுந்தெடுக்கும் பெண்கள் விளைச்சல் பெருக வேண்டி "பொலி பொலி" என்று முதல் பிடிக் கொழுந்தை அதன்மேல் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் நாகலெட்சுமி போய்ச் சூடம் கொளுத்துகிறாள். கார்க் கண்ணாடியில் உட்பக்கமாக மூச்சின் ஆவி படிந்திருக்கும். "நல்லா இருய்யா" என்று அதனிடம் சொல்லிவிட்டு, கதவைத் திறக்காமல், நிரஞ்சனுக்குச் சோறாக்க வீட்டுக்கு வந்துவிடுகிறாள்.