மாடி வீட்டு வாடகை

"மாசம் பன்னெண்டாயிரம். அஞ்சாந்தேதி வாடகை கைக்கு வரலேன்னா, வீட்டைக் காலி பண்ணச் சொல்லிருவேன்!"

காசிமாயன் விறைப்பாகச் சொல்லி முடித்ததும், மாடியில் குடியிருக்கும் அவருடைய மருமகன் முத்துப்பாண்டி கைதட்டினான். "சூப்பர் மாமா! ஆபீசர் வந்ததும் இதையே அப்படியே சொல்லிருங்க."

"வாய் கூசுது மாப்ளே. பொண்ணையும் குடுத்துட்டு வாடகையும் வாங்குறவன்னா, போடியில எவன் என்னைய மதிப்பான்?"

மாமனார் வீட்டு மாடியில் காசு கொடுக்காமல் குடியிருந்துகொண்டு, வாடகை கொடுப்பதாகக் கணக்குக் காட்டி வருமான வரியைக் குறைத்த புண்ணியவான் இந்த முத்துப்பாண்டி. ஆதாரம் கேட்டு நோட்டீஸ் வந்துவிட்டது. பொய் என்று தெரிந்தால் கட்டாத வரியோடு இரண்டு மடங்கு அபராதமும் சேரும்; மனைவி ரேணுகாவின் நகை அத்தனையும் அடகுக் கடைக்குத்தான்.

"எம் மக கழுத்துக்காகச் சொல்லித் தொலைக்கிறேன்" என்றார் காசிமாயன்.

விசாரிக்க வந்த அதிகாரி சுகன்யா, சின்ன வயதுப் பெண். அவள் கேட்டதற்கெல்லாம் காசிமாயன் டக் டக்கென்று பதில் சொன்னார். அடேயப்பா, என்ன நடிப்பு! முத்துப்பாண்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"சரிங்கய்யா, எல்லாம் சரியா இருக்கு" என்று பேனாவை மூடினாள் சுகன்யா. ரேணுகா ஏலக்காய் டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

வீட்டுக்கு யார் வந்தாலும் காசிமாயனுக்கு ஒன்றைக் கேட்டாக வேண்டும். "ஆத்தாவுக்கு எந்த ஊரு?"

"தேவாரம். ஜீப்பு ஓட்டுன ஈஸ்வரன் மகளுங்க."

"அட, ஜீப்பு ஈஸ்வரன் மகளா நீயி! அவனும் நானும் மலைக்கு ஒண்ணா லோடு அடிச்சவங்க. எனக்கு நீ மக மொறையில்ல!"

சுகன்யாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "போடிக்கு மாத்தலாகி வந்து வீடுதான் தேடிக்கிட்டிருக்கேன் பெரியப்பா. கீழ ஒரு போர்ஷன் பூட்டிக் கெடக்கே, வாடகைக்குக் குடுப்பீங்களா?"

முத்துப்பாண்டி இருமினான், கண்ணைக் காட்டினான். மனுஷன் இந்தப் பக்கம் திரும்பினால்தானே!

"வாடகையா? உங்கிட்டயா?" காசிமாயனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "கட்டிக்குடுத்த மாப்ளைகிட்டயே நான் ஒத்த ரூவா வாங்குனதில்ல தாயி!"