நாற்பத்தொன்று என்று எழுதிய செடி

பூ விரிந்துவிட்டது.

இளஞ்சிவப்பு.

ஜெசிந்தா குனிந்து லேபிளைப் படித்தாள். தயிர் டப்பாவை வெட்டிச் செய்த பட்டை. பென்சிலில் அவளுடைய கையெழுத்து. நாற்பத்தொன்று.

தோட்டத்து வேலையெல்லாம் நாள்வாரியாக எழுதிவைக்கும் நோட்டைப் புரட்டினாள். நாற்பத்தொன்று: வெள்ளை, இதழ் ஓரமெல்லாம் கருஞ்சிவப்பு, வெயிலில் வெளிறவில்லை. அடியில் இரண்டு கோடு.

ஒன்பது வருடம் விதை போட்டு, பூக்கவிட்டு, கழித்துக் கழித்து அவள் தேடிய டேலியா. போன வருடம் ஒரே ஒரு செடியில் வந்தது.

அந்தச் செடியின் கிழங்கிலிருந்து முளைத்த செடி இப்படி நிறம் மாறாது.

மாறியது லேபிள்.

பிப்ரவரியில் வேண்டாத எண்களைப் பார்த்துப் பார்த்துச் சரிவில் கொட்டினாளே, முப்பது கிழங்குகள். காட்டுமாடுகள் மிதித்துப்போட்டவை. அவற்றில் ஒன்றுதான் உண்மையான நாற்பத்தொன்றோ?

தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு கணவர் சவரிமுத்து வந்தார். பூவைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

"ஏங்க, கிழங்கத் தோண்டுனது நீங்கதானே?"

குழாயைக் கீழே போட்டார்.

நவம்பரில் அவள் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கர்ப்பப்பை ஆபரேஷன். மறுநாளே, "அக்கா என்னப் பாத்துக்குவா, பனி விழறதுக்குள்ள கிழங்க எடுத்துருங்க" என்று அவரைக் கொடைக்கானல் வீட்டுக்கு அனுப்பியது அவள்தான்.

"பாதி தோண்டியிருந்தேன். ஒவ்வொரு கிழங்கு மேலயும் லேபிள வச்சுத்தான் போட்டேன். ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சு. கையெழுத்துப் போட உடனே வரணும்னாங்க. அப்படியே விட்டுட்டு ஓடுனேன். அஞ்சு நாள் கழிச்சு வந்து பாத்தா, மழையில கிழங்கு ஒரு பக்கம், லேபிள் ஒரு பக்கம். தோணுன மாதிரி கட்டுனேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"கண்ணு முழிச்சதும், நாப்பத்தொண்ணு பத்திரமான்னுதான் கேட்ட. பத்திரம்னு சொல்லிட்டேன். அப்புறம் வந்து என்னத்தச் சொல்ல?"

அவளுக்கு அது நினைவில்லை.

"எதுக்குக் கையெழுத்து? ஆபரேஷன்தான் முடிஞ்சிருச்சே."

அவர் குனிந்து குழாயைச் சுருட்டத் தொடங்கினார்.

"ஏங்க."

"ரத்தம் நிக்கலைன்னாங்க. மறுபடி திறக்கணும்னாங்க. பொழைக்கிறது..."



இத்தனை மாதம் அக்காவும் சொல்லவில்லை. இவரும் சொல்லவில்லை.

அவள் நோட்டின் பக்கங்களைப் பின்னால் தள்ளித் தள்ளி நவம்பருக்குப் போனாள். அந்த வாரம் முழுக்கக் காலி.

நோட்டையும் பென்சிலையும் அவரிடம் நீட்டினாள்.

மண் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். தேதியை எழுதினார். அதற்கு மேல் கை ஓடவில்லை.

"மெதுவா, அந்த வாரம் நடந்ததெல்லாம் எழுதுங்க."

பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து அவள் காத்திருந்தாள்.